வெள்ளைக்காரன்ர சவக்காலையில வைச்ச ஒப்பாரி

மச்சாள், நேற்று நிலாவெளி றோட்டில, வெள்ளைக்காரன்ர சவக்காலைக்கு முன்னால பஸ்ஸுக்கு நிண்டனான். வேணுமெண்டு அங்க போய் நிக்கேல்லை. எங்கட சந்தியில பஸ்ஸை நிப்பாட்டாமப் போயிட்டான். அடுத்தது எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும், நடந்து பாப்பம் எண்டு வெளிக்கிட்டு, கால் ஓஞ்சு நிண்ட இடம் அதாப் போச்சு. மதிலுக்கு உள்ளுக்க புல்லு வெட்டிக்கொண்டு நிண்டாங்கள். காத்து என்ர பக்கம். பச்சைப் புல்லு வெட்டின மணம் மூக்கில ஏறினதுதான், எங்க போக வெளிக்கிட்டனான் எண்டதே மறந்துபோச்சு. பஸ் வந்து நிண்டுது. கொண்டக்டர் பொடியன், "ஆச்சி, ஏறுறியளோ, இல்லாட்டி உள்ளுக்க போறதுக்கோ நிக்கிறியள்?" எண்டான். பஸ்ஸுக்குள்ள இருந்த சனம் சிரிச்சுது. நானும் சிரிச்சனான். ஆனா ஏறேல்லை.

திரும்பி வீட்டை வந்து, இண்டைக்கு விடிய மருமோளைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுது பிள்ளை எண்டனான். எனக்கு எழுத்து வராதெண்டு உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் வராது. மருமோள் கேக்கிறாள், "மாமி, செத்த ஆளுக்குக் கடிதம் எழுதி எந்தத் தபால்பெட்டியில போடுறது?" எண்டு. அவள் நல்ல பகிடிக்காரி. அவள் இந்த வீட்டுக்கு வர முதல் நீங்கள் போயிட்டியள். இல்லாட்டி நீங்கள் ரெண்டு பேரும் சேந்து எனக்கு இருக்க இடம் தந்திருக்க மாட்டியள்.

அந்தப் புல்லுக்கு நாங்கள் எத்தனை வாளி தண்ணி சுமந்திருப்பம், மச்சாள். புல்லு எண்டால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் எண்டுதான் அதுவரைக்கும் நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள். புல்லை நட்டு, தண்ணி ஊத்தி, வளந்தாப் பிறகு வெட்டி எறியிறதை முதன்முதலா அங்கதான் கண்டது. நீங்கள் சொன்னியள், "இவங்களுக்கு ஆடு வளக்கத் தெரியாதோ?" எண்டு. அதைக் கேட்டு எங்களை வேலை வாங்கின கங்காணியார் சிரிச்சுப் புரையேறி இருமினது எனக்கு இப்பவும் காதில கேக்குது.

அது சுதந்திரம் கிடைச்சுக் கொஞ்ச நாளையால. அதுக்கு முந்தி நடந்ததைச் சொல்லாட்டி, எழுதுற இந்தப் பிள்ளைக்கும் விளங்காது.

யப்பான்காரன் திருகோணமலையில குண்டு போட்ட அண்டைக்கு அண்ணை விடியக் காலமை வேலைக்குப் போனவர். துறைமுகத்தில கப்பலுக்குக் கரி ஏத்திற வேலை. நீங்கள் அவரைக் கலியாணம் முடிச்சு வந்து ஒரு வருசம் கூட ஆகேல்லை. தாய் தேப்பன் இல்லாத பிள்ளை, மன்னார்ப் பக்கத்தில இருந்து வந்தனீங்கள். பழஞ்சோறும் சம்பலும் குடுத்தியள். ஒரு வாய் வைச்சுப்போட்டு அண்ணை, "உப்பை மண்வெட்டியாலயோ அள்ளிப் போட்டனீ?" எண்டார். பகிடிக்குத்தான். உங்களுக்குக் கோவம் வந்திட்டுது. எந்த நாளும் படலை மட்டும் போறனீங்கள், அண்டைக்குப் போகேல்லை. குசினிக்குள்ளயே நிண்டியள். அவர் படலையில நிண்டு திரும்பிப் பாத்ததை நான் கண்டனான். நீங்கள் காணேல்லை.

பேந்து வானம் முழுக்க இரைச்சல். எண்ணெய்த் தாங்கி எரிஞ்ச புகையில பகல் இருண்டுபோச்சு. அம்மா ஒரு கையில என்னையும் மற்றக் கையில உங்களையும் பிடிச்சு இழுத்துக்கொண்டு கந்தளாய் றோட்டால ஓடினவ. ஓடின ஓட்டத்தில அம்மா எதைத் தூக்கிக்கொண்டு வந்தவ தெரியுமோ, பிள்ளை? அம்மிக்குழவியை. அம்மியை விட்டுட்டுக் குழவியை மட்டும். ஏன் எண்டு கேட்டா அவவுக்கே தெரியாது. காட்டுக்க இருந்த சனம் அவ்வளவும் அதைப் பாத்துச் சிரிச்சுது. அந்த நேரத்திலயும் சிரிச்சது எண்டதுதான் எனக்கு இப்ப நினைக்க ஒரு மாதிரி இருக்கு.

திரும்பி வந்தாப் பிறகு அண்ணை வரேல்லை. ஒருத்தன் சொன்னான், கப்பலுக்குப் பக்கத்தில பாதையில, கரி கொண்டுபோற தட்டைப் படகில நிண்டவர், அந்தப் பாதையே இல்லாமப் போச்சு எண்டு. இன்னொருத்தன், காட்டுப் பக்கம் ஓடினதைக் கண்டனான் எண்டான். வேற ஒருத்தன், கரையில கிடந்ததுகளைக் கூட்டி அள்ளி ஒரே கிடங்கில மூடினவங்கள், அதுக்குள்ள ஆர் ஆரெண்டு ஆருக்குத் தெரியும் எண்டான். கூலியாக்களை ஆர் பேர் கேட்டது.

எங்கட ஊரில செத்தவீடு எண்டால் ஆள் நடுவில கிடக்கோணும். சுத்திவரப் பொம்பிளையள் இருந்து, ஒருத்தியின்ர தோளில ஒருத்தி கையைப் போட்டு, ஒருத்தி துவங்க மற்றவை சேந்து ஒப்பாரி வைப்பினம். ஒருத்தியைத் தனிய அழ விடக் கூடாது. அது எங்கட முறை. ஆனா ஆள் இல்லை, மச்சாள். நடுவில பாய்தான் கிடந்தது. நீங்கள் வாயைத் திறக்கப் போக, அம்மா ஓடிவந்து உங்கட வாயைப் பொத்தினவ. "ஆளைக் காணாமல் வாய் வைக்காத. உயிரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைச்சா அது அவன்ர உயிரைக் குடிக்கும்" எண்டவ. பழைய மனிசியள் எல்லாரும் ஓம் ஓம் எண்டினம். அந்தப் பாயைச் சுருட்டி மூலையில வைச்சாச்சு.

அதோட நீங்கள் பெண்சாதியுமில்லை, கைம்பெண்ணுமில்லை. கழுத்தில தாலி கிடக்கும். நல்ல சீலை உடுத்தால், "ஆருக்கு உடுக்கிறாள்?" எண்டு கேப்பினம். வெள்ளை உடுத்தால் அம்மா கிழிச்சுப் போடுவா. கார்த்திகை மாசம் மரிச்ச ஆக்களின்ர திருநாளுக்கு ஊர்ச்சனம் எல்லாம் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில மெழுகுதிரி கொழுத்தும். நீங்களும் ஒரு திரியை முந்தானைக்குள்ள வைச்சுக்கொண்டு வருவியள். வைக்கிறதுக்குக் கல்லறை இல்லை. நடுவில நிக்கிற பெரிய குருசடியில ஆக்கள் இல்லாத ஆத்துமாக்களுக்கெண்டு கொழுத்தலாம். ஆனா அம்மா உங்கட பின்னாலயே நிப்பா. கொழுத்தாத திரியோட போய், கொழுத்தாத திரியோட வருவியள்.

எல்லாத்திலயும் கெட்டது பிலோமினாக்கான்ர கதை. அடுத்த வளவு. வாய் சும்மா கிடக்காது. அண்ணையைத் தோப்பூர்ச் சந்தையில கண்டவையாம், வேற ஒருத்தியோட குடும்பமா இருக்கிறாராம் எண்டு கிணத்தடியில வைச்சுச் சொன்னவ. உங்களுக்கு முகம் வெளிறிப்போச்சு. பேந்து என்ர கையைப் பிடிச்சு, "வா, போய்ப் பாப்பம்" எண்டியள். "இருந்தால் என்ன செய்வியள்?" எண்டு கேட்டனான். "செருப்பாலடிச்சுப்போட்டு, உயிரோட இருக்கிறதுக்கு மாதாவுக்கு நேத்தி குடுப்பன்" எண்டியள்.

கடலால லோஞ்சில மூதூருக்குப் போய், அங்கயிருந்து வண்டிலில தோப்பூர். லோஞ்சில நான் சத்தி எடுத்தது ஒரு முழுக் கதை, அதை விடுவம். மருமோள் எழுத மாட்டன் எண்டுறாள். சந்தையில வெத்திலைக் கடை முஸ்லிம் காக்கா ஒருத்தரிட்ட விசாரிச்சம். திருகோணமலையில இருந்து வந்து குடியிருக்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார் எண்டு கூட்டிக்கொண்டு போனார். போய்ப் பாத்தால் முன் பல்லு ரெண்டும் இல்லாத, ஒரு கால் இழுத்து நடக்கிற வயசாளி. அண்ணை எங்க, அந்த மனிசன் எங்க. நீங்கள் அங்கயே குந்தி இருந்திட்டியள். நான் நினைச்சன், ஆள் இல்லையே எண்டு அழப்போறியள் எண்டு. நீங்கள் விழுந்து விழுந்து சிரிச்சனீங்கள். காக்கா பயந்து போய், தன்ர வீட்டை கூட்டிக்கொண்டு போய்ச் சோறு தந்தவர். அவற்ற பெண்சாதி உங்களை வடிவாப் பாத்திட்டு, "தங்கச்சி, தேடி வந்த ஆளுக்கு நீங்க அழுதாச்சா?" எண்டு கேட்டவ. "இல்லை" எண்டியள். "அதுதான் முகத்தில நிக்கிது" எண்டவ.

அதுக்குப் பிறகுதான் சவக்காலை வேலை. அங்கங்க தாட்டிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துச் சவங்களை எல்லாம் கிளப்பிக் கொண்டுவந்து, வரிசை வரிசையாக் கல்லு வைச்சு, புல்லு நட்டவங்கள். எங்களுக்குத் தண்ணி சுமக்கிற வேலை. கங்காணியாருக்கு இங்கிலீசு கொஞ்சம் தெரியும். நீங்கள் ஒவ்வொரு கல்லாக் காட்டி, இது ஆர், இது ஆர் எண்டு கேப்பியள். அந்த மனிசனும் வாசிச்சுச் சொல்லுவார். கனபேருக்கு இருபது வயசும் இல்லை. "தாய்மார் இதைக் கண்டிருப்பினமோ?" எண்டு கேட்டு, அந்த அந்தக் கல்லடிக்கு ஒரு வாளி கூட ஊத்துவியள். கங்காணியார் ஏசுவார், "பிள்ளை, புல்லு அழுகப்போகுது, செத்தவனுக்குத் தாகமில்லை" எண்டு.

ஒருநாள் ஒரு கல்லைக் காட்டிக் கேட்டியள். "இது ஆரெண்டு தெரியாது. ஆள் கிடைச்சது, பேர் தெரியேல்லை. எண்டாலும் கல்லு வைச்சிருக்கினம்" எண்டார்.

நீங்கள் வாளியைக் கீழ வைச்சியள். "அப்ப எங்கட ஆளுக்கு?"

"அது பட்டாள உடுப்புப் போட்ட ஆக்களுக்குப் பிள்ளை."

"அவரும் அவங்கட கப்பலுக்குத்தானே கரி ஏத்தினவர்."

"ஓம். சாரத்தோட ஏத்தினவர்" எண்டார் கங்காணியார். அவர் நக்கலாச் சொல்லேல்லை. உள்ளதைச் சொன்னவர்.

"பேர் தெரியாத ஆளுக்குக் கல்லு வைச்சிருக்கினம். பேர் தெரிஞ்ச ஆளுக்கு இல்லை" எண்டு நீங்கள் எனக்குச் சொன்னியள். பேந்து வாளியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பேர் தெரியாதவனுக்கும் தண்ணி ஊத்தினியள். அதுதான் எனக்குப் பெரிய அதிசயம். நானெண்டால் ஊத்தியிருக்க மாட்டன்.

அந்தக் கார்த்திகையில அவங்கட நினைவுநாள் வந்தது. நேவிக்காரர் வெள்ளை உடுப்போட வரிசையா வந்தாங்கள். பூவால செய்த வளையங்கள், சிவப்புக் கடதாசிப்பூக் குத்தின துரைமார், தொப்பி போட்ட ரெண்டு மூண்டு துரைசாணிமார். எங்களை மதில் ஓரமா நிப்பாட்டின கங்காணியார், "குழல் ஊதுவாங்கள். ஊதி முடிய ரெண்டு நிமிசம் ஒருத்தரும் அசையக் கூடாது, மூச்சுவிடுற சத்தமும் கேக்கப்படாது. திரும்ப ஊதினாப் பிறகுதான் அசையலாம்" எண்டவர். நான் கேட்டனான், "அப்ப எப்ப அழுவினம்?" எண்டு. "அழமாட்டினம். இதுதான் அவையின்ர மரியாதை" எண்டார்.

குழல் ஊதினாங்கள். அந்தச் சத்தம் கடைசியில இழுத்து இழுத்துப் போச்சு. பேந்து ஒரு சத்தமும் இல்லை. அத்தனை சனம் நிக்க, மரத்தில இலை அசையிறது கேக்குது. நான் அப்பிடி ஒரு அமைதியைக் கோயில் பூசையிலயும் கண்டதில்லை. இவ்வளவு பேரும் சேந்து ஒரு செத்த ஆளை நினைச்சா இப்பிடித்தான் இருக்குமோ எண்டு நினைச்சனான். அப்ப உங்கட குரல் கேட்டுது.

விடியக் காலமை போனனீங்கள், என்ர ராசா
வெறும் வயித்தோட போனனீங்கள்
உப்புக் கூடின சோறெண்டு, என்ர ராசா
ஒரு வாயோட போனனீங்கள்

கொடி பிடிச்சு வந்த சனம், என்ர ராசா
குனிஞ்செல்லோ நிக்கினம்
உங்களுக்கொரு பிடி மண்ணு, என்ர ராசா
ஊரில ஆரும் போடேல்லையே

நான் திரும்பிப் பாத்தன். நீங்கள் மதிலடியில குந்தி இருந்து, நெஞ்சில அடிச்சு அடிச்சுப் பாடுறியள். கங்காணியாற்ற கண் ரெண்டும் வெளிய வருமாப்போல கிடக்கு, ஆனா மனிசன் அசைய ஏலாது. துரைமாரும் அசைய ஏலாது. நேவிக்காரங்கள் துவக்கைப் பிடிச்சபடி முன்னாலயே பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். அவங்கட முறை அவங்களைக் கட்டிப்போட்டுது. உங்களை நிப்பாட்ட அந்த இடத்தில ஒரு ஆளும் இல்லை, மச்சாள். ஏழெட்டு வருசமா உங்கட வாயைப் பொத்தின கை ஒண்டும் அங்க இல்லை.

வேலை போகப்போகுது எண்டு தெரியும். ஆனா ஒருத்தி தனிய இருந்து ஒப்பாரி வைக்க, பாத்துக்கொண்டு நிக்க எங்களைப் பழக்கேல்லையே. நான் போய்ப் பக்கத்தில குந்தி உங்கட தோளில கையைப் போட்டன். அண்ணை எண்டு நானும் துவங்கினன். என்ன பாடினனான் எண்டு நினைவில்லை. திரும்பக் குழல் ஊதும் வரைக்கும் ரெண்டு பேரும் அழுதம்.

ஊதி முடிய ஒரு வயசான துரை எங்களுக்குக் கிட்ட வந்து கங்காணியாரிட்ட என்னவோ கேட்டார். கங்காணியார் தலையில விரலை வைச்சுக் காட்டி என்னவோ சொன்னவர். துரை எங்களைப் பாத்துத் தலையை ஆட்டிப்போட்டுப் போனார். பின்னால கங்காணியார் எனக்குச் சொன்னவர், "அவளுக்கு மூளை சரியில்லை எண்டு சொன்னனான். வேற என்ன சொல்லுறது? அவளின்ர புருசனும் உங்கட சண்டையிலதான் செத்தவன் எண்டு சொல்ல எனக்குத் துணிவில்லை, பிள்ளை." எங்கட வேலையும் அண்டையோட போச்சு. கொஞ்சக் காலம் சந்தைக்குப் போற வழியில பொடியள் உங்களை விசரி எண்டு கூப்பிட்டாங்கள். நீங்கள் திரும்பி, "ஓமடா, துரையே சொல்லிப்போட்டார்" எண்டுவியள்.

ஆனா நான் சொல்ல வந்தது அதில்லை. நாங்கள் வீட்டை வர முதலே கதை வந்திட்டுது. அம்மா வாசல் முத்தத்தில நிண்டவ. எங்களைக் கண்டதும் சத்தமே போடேல்லை. மெல்லக் கேட்டவ, "என்ர பிள்ளையை எங்க வைச்சுச் சாகடிச்சுப்போட்டு வாறியள், ரெண்டு பேரும்?"

நீங்கள் கிணத்தடிக்குப் போய்த் தோய்ஞ்சியள். தாலியைக் கழட்டி மாதா படத்துக்கு முன்னால வைச்சியள். ஒரு பழைய வெள்ளைச் சீலையை உடுத்துக்கொண்டு வந்து பாயை விரிச்சு இருந்தியள். பொழுதுபட முதல் படலை திறந்தது. பிலோமினாக்கா. கையில ஒரு பானை சோறும் வாழைக்காய்க் கறியும். செத்தவீட்டில அடுப்பு மூட்டக் கூடாது, அயலட்டைதான் சோறு குடுக்கோணும். அந்த முறைக்கு அவ கொண்டுவந்தவ. தோப்பூர்க் கதை சொன்ன அதே வாய், "என்னை மன்னிச்சுக்கொள்ளடி பிள்ளை" எண்டுது. அவவுக்குப் பின்னால ஒவ்வொருத்தரா வந்து உங்களைச் சுத்தி இருந்தினம். ஊர் ஒத்துக்கொண்டிட்டுது. அண்ணை ஓடிப்போன ஆளில்லை, செத்த ஆள் எண்டு. நீங்கள் அதைத்தானே கேட்டனீங்கள்.

அம்மா அந்தப் பானையைப் பாத்தவ. பாத்திட்டுக் குசினிக்குள்ள போய் அடுப்பை மூட்டினவ. "எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லை" எண்டு, இருந்த அரிசியைப் போட்டு, மீனை வெட்டிக் குழம்பு வைச்சவ. வீட்டுக்கு மேலால புகை போகுது, முன்னுக்கு ஒப்பாரி போகுது. வந்த சனத்துக்கு எங்க பாக்கிறதெண்டு தெரியேல்லை. ஒரு வீட்டில ரெண்டு சோறு, மச்சாள். நீங்கள் ஒரு பக்கம் இருந்து என்னைப் பாக்கிறியள், அம்மா குசினி வாசல்ல நிண்டு பாக்கிறா. ரெண்டிலயும் ஒவ்வொரு பிடி எடுத்து ஒரே கோப்பையில போட்டுப் பிசைஞ்சன்.

அதுக்குப் பிறகு அம்மா உங்களோட கதைக்கேல்லை. வருசக் கணக்கா. "உப்பு முடிஞ்சுதெண்டு அவளுக்குச் சொல்லு" எண்டுவா, நீங்கள் பக்கத்தில நிக்க. நீங்களும், "வாங்கி வைச்சாச்செண்டு மாமிக்குச் சொல்லு" எண்டுவியள். நான் நடுவில தந்திக்காரன் மாதிரி. எனக்குக் கலியாணம் முடிஞ்சு போகேக்க, "இனி இவை ரெண்டு பேரும் எப்பிடிக் கதைக்கப் போகினம்?" எண்டு என்ர மனிசன் கேட்டவர். கதைக்கேல்லை. ஆனா நீங்கள் விட்டுட்டுப் போகவுமில்லை. போறதுக்கு உங்களுக்கு இடமும் இருக்கேல்லை எண்டு சனம் சொல்லுது. எனக்கெண்டால் அது காரணமாத் தெரியேல்லை. அம்மா படுக்கையில விழ, கழுவித் துடைச்சது நீங்கள். அவ கண்ணை மூடிக்கொண்டுதான் உங்கட கையால கஞ்சி குடிச்சவ.

அம்மா செத்த அண்டைக்கு எல்லாரும் உங்கட வாயையே பாத்துக்கொண்டிருந்தவை. மருமகள்தானே துவங்கோணும். நீங்கள் அம்மான்ர கால் மாட்டில இருந்து, மெல்லமாத் துவங்கினியள்.

பேசாமப் போற மாமி, பெத்த மகனைத் தேடிப் பாருங்கோ
போற இடத்தில உங்கட பிள்ளை நிண்டால் கோவம் ஆறுங்கோ
அங்கயும் அவர் இல்லையெண்டால், என்ர மாமி
ஒருக்கா வந்து சொல்லுங்கோ

சுத்தி இருந்த பொம்பிளையளுக்கு அடுத்த அடி வரேல்லை. எனக்கும் வரேல்லை. அண்டைக்குத்தான் விளங்கினது, சவக்காலையில அழுதிட்டு வந்த நாளிலயிருந்து நீங்களும் நிச்சயமில்லாமல்தான் இருந்தனீங்கள் எண்டு. பின்னுக்கு ஒருநாள் துணிஞ்சு கேட்டனான், "அம்மா வந்து சொன்னவவோ?" எண்டு. "மாமி எப்ப என்னோட கதைச்சவ?" எண்டு சிரிச்சனீங்கள். உங்கட கடைசிக் காலத்தில, உங்கட குருசில அண்ணற்ற பேரையும் எழுதுவிப்பம் எண்டு கேட்டன். "வேண்டாம், மாமி பக்கத்தில கிடக்கிறா. கோவிப்பா" எண்டியள். எழுதுவிக்கேல்லை. அண்ணற்ற பேர் இண்டைக்கும் ஒரு கல்லிலயும் இல்லை.

இதையெல்லாம் ஏன் இப்ப கிளறுறன் எண்டு நினைப்பியள். இஞ்ச அன்புவழிபுரத்தில, என்ர மகன்ர வீட்டுக்கு அங்கால ஞானம் எண்டொருத்தி இருக்கிறாள். புருசன் இல்லை, ஒரே ஒரு பொடியன். இந்தக் கலவரத்தில டவுனில கடையள் எரிஞ்ச கிழமை, கார் திருத்துற கராச்சுக்கு வேலைக்குப் போனவன் வரேல்லை. பிடிச்சுக்கொண்டு போய் வைச்சிருக்கிறாங்கள் எண்டுறான் ஒருத்தன். வள்ளத்தில இந்தியாவுக்குப் போயிட்டான் எண்டுறான் இன்னொருத்தன். கடைக்குள்ள கருகிக் கிடந்ததுகளில ஒண்டெண்டு மெல்லமாச் சொல்லுறான் வேற ஒருத்தன். எனக்குக் கேட்ட கதையள்தான், மச்சாள். ஊரும் ஆக்களும்தான் வேற. சந்தியில ஆமி நிக்கிறபடியால், வாய்விட்டு அழாதேங்கோ எண்டு ஆம்பிளையள் சொல்லிப்போட்டினம்.

முந்தநாள் பின்னேரம் அவள் வந்தவள். வாங்குப் பலகையில இருக்கச் சொன்னன், இருக்கேல்லை.

"அக்கா, உங்கட அண்ணைக்கு ஆள் இல்லாமலே ஒப்பாரி வைச்சனீங்களாமே?"

"ஓம்."

"எவ்வளவு காலம் பாத்தனீங்கள்?"

"ஏழெட்டு வருசம்."

"அப்ப நான் எவ்வளவு காலம் பாக்கோணும்?"

அழு, பிள்ளை, அழாட்டி அது முகத்திலயே நிக்கும் எண்டு சொல்ல வாய் வந்தது. அம்மா முத்தத்தில நிண்டது கண்ணுக்குள்ள வந்து வாயை மூடினது. கடைசியில, "அதை நீதான் சொல்லோணும் ஞானம். நான் துவங்கமாட்டன். நீ துவங்கின நேரம், ஆமி நிண்டாலும் ஆர் நிண்டாலும், நான் வந்து உன்ர தோளைப் பிடிப்பன்" எண்டன். அவள், "அப்ப இண்டைக்கு வேண்டாம், அக்கா" எண்டு போனவள்.

அவளுக்குச் சொல்ல எனக்கு லேசாப் போச்சு. அந்தப் பொடியனுக்குத் தாய் ஒருத்திதான். எங்கட வீட்டில நீங்கள் ரெண்டு பேர் இருந்தனீங்கள். ஒருத்திக்கு அவர் சாகோணும், மற்றவவுக்குச் சாகக் கூடாது. உங்கட தோளைப் பிடிச்சதுக்கு நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை, மச்சாள். ஆனா அம்மா தனிய நிண்டு அடுப்பு ஊதின அந்தப் பின்னேரம் என்னை விட்டுப் போகவுமில்லை. ஆற்ற பக்கம் ஞாயம் எண்டு ஆராவது இப்ப வந்து சொன்னாலும் நான் கேக்கப்போறதில்லை.

முந்தநாளிலயிருந்து நான் பாயை ஞானத்தின்ர வேலிப் பக்கமாப் போட்டுப் படுக்கிறன். எனக்கு இப்ப ஒரு காது சரியாக் கேக்கிறேல்லை. நல்ல காது மேல இருக்கிற மாதிரித்தான் சரிஞ்சு படுக்கிறன்.